மறுபடி சொல்லுங்க!



"டிப்ளமோ முடிக்கிற வயசுல இன்னும் கேம் ஆடிக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, வெக்கமா இல்ல?" வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கள் வீட்டில் எனக்கு விழுகிற அர்ச்சனை இது. "நான் கேம் ஆடலம்மா, ஏரோப்ளேன் ஓட்டப் பழகுறேன்" என்று சொன்னால், "ஆமா, பெரிய பைலட்டு!" என்று அம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவார். நம் வகுப்பிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மலரில் ஒரு கட்டுரை எழுத இடம் கிடைத்ததே, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தரையில் உட்கார்ந்து பறக்கப் பழகுவது நேற்று வந்த விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் 1929-லேயே ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அவர் அப்பாவுக்கு ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை. அந்த ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே ஒரு குட்டி விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் வைத்தார் மனுஷன்! முதலில் அதைப் பொழுதுபோக்குப் பொருளாகத்தான் பார்த்தார்கள். 1934-ல் ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும்போது மோசமான வானிலையில் வரிசையாக விழுந்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. ப்ரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ஒரு சிமுலேட்டர் எழுதினார். 1982-ல் மைக்ரோசாஃப்ட் பெயரில் அது ஐ.பி.எம். பி.சி.க்கு வந்தது. இன்று ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம். நான் தொடங்கியதும் அதில்தான்.

ஆனால் ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறேன். முதல் மாதம் நான் ஆடியது சத்தியமாகக் கேம்தான். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைக் கிளப்புவேன், கடலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றுவேன், இறக்கும்போது மோதுவேன். உடனே ரீசெட் பட்டன்! விமானம் புத்தம் புதிதாக ஓடுபாதையில் வந்து நிற்கும். எத்தனை தடவை மோதினாலும் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இன்டர்நெட்டில் இதே பித்துப் பிடித்த நம் ஊர்க்காரர்கள் சிலரோடு பழக்கமான பிறகுதான் நிலைமை மாறியது. அதில் ஒரு பேங்க் ஆபீசர் உண்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன் உண்டு, எல்லோருக்கும் "அண்ணா" ஆகிவிட்ட ஒரு ரிட்டயர்ட் மனிதரும் உண்டு. நான் பெருமையாக அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு அண்ணா சொன்னது: "தம்பி, இது லேண்டிங் இல்லப்பா. விழுந்திருக்க."

பிறகு பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொன்னார். விமானம் சாதாரணமாக 3 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். ஒரு நாட்டிகல் மைல் ஏறக்குறைய 6076 அடி. டேன் 3 டிகிரி 0.0524. பெருக்கினால் 318 அடி. அதாவது ஒரு மைல் முன்னேறினால் சுமார் 300 அடி இறங்கியிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு எவ்வளவு இறங்குவது? தரை வேகத்தை 5-ஆல் பெருக்கு. 70 நாட் வேகம் என்றால் சுமார் 350 அடி. அவ்வளவுதான் கணக்கு! முதலாண்டில் டேன் தீட்டாவை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். அது எதற்கு உதவும் என்று அன்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று பாக்கி இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

வாட்சிம் என்று ஒரு அமைப்பு 2001-லிருந்து இருக்கிறது. உலகம் முழுக்க உள்ள சிமுலேட்டர் ஆர்வலர்கள் அதன் மூலம் ஒரே வானத்தில் பறக்கலாம். காசு கிடையாது. கன்ட்ரோல் டவரில் இருந்து பேசுகிறவர்களும் நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான். ஆனால் பேச்சு மட்டும் நிஜ விமானிகள் பேசுகிற முறையில், ஆங்கிலத்தில். நானோ பத்தாவது வரை தமிழ் மீடியம். மைக்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கும்.

சென்னை மீனம்பாக்கத்தில் என் விமானம் நிற்கிறது. கன்ட்ரோலர் மளமளவென்று ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது "ரன்வே 07" மட்டும். மறுபடி கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்து, பந்தாவாக "ரோஜர்" என்று சொல்லிவிட்டு நேராக ஓடுபாதைக்குள் போய் நின்றேன். அவர் சொன்னதோ "ஹோல்ட் ஷார்ட்", அதாவது ஓடுபாதைக்கு வெளியே நில் என்று! அந்த நேரம் பார்த்து எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதே ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தார். கடைசி நேரத்தில் கன்ட்ரோலர் அவரை மேலே ஏறிச் சுற்றிவரச் சொன்னார். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் எனக்கு ரீசெட் பட்டனும் இல்லை. என் தப்புக்கு இன்னொரு மனிதர் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று அண்ணா கேட்டார்: "புரியலன்னா 'சே எகெய்ன்'னு கேக்க வேண்டியதுதானே தம்பி?"

"கேட்டா மட்டமா நெனப்பாங்கன்னு பயந்துட்டேண்ணா."

"கேக்காம விட்டாத்தான் மட்டம்."

பிறகு அவர் சொன்ன இரண்டு சம்பவங்களைத் தேடிப் படித்தேன். 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. பனிமூட்டம். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து ஒரு ஜம்போ விமானம் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் இன்னொரு ஜம்போ! 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ரேடியோவில் "டேக் ஆஃப்" என்ற சொல்லையே கண்ட இடத்தில் சொல்லக் கூடாது, அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. 15000 அடியில் இருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14000 அடியில் இருக்க வேண்டிய சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேர் பலி. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் சரிவரப் புரியாததும் அப்போது பேசப்பட்டது.

அதனால்தான் விமானிகள் உலகத்தில் வெறும் "சரி" என்று சொன்னால் போதாது. உயரம், ஓடுபாதை எண், காற்றழுத்தம் என்று முக்கியமானதையெல்லாம் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் திருத்துவார். காற்றழுத்த எண்ணை 10 ஹெக்டோபாஸ்கல் தப்பாகக் காதில் வாங்கினால் உயரம் காட்டும் மீட்டரில் சுமார் 270 அடி தப்பு வரும்! இருபது வருஷ அனுபவமுள்ள கேப்டனும் "சே எகெய்ன்" கேட்கிறார். யாரும் சிரிப்பதில்லை.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். "என்னப்பா, புரிஞ்சுதா?" என்று சார் கேட்டதும் அறுபது பேரும் கோரஸாக "புரிஞ்சுது சார்!" என்கிறோமே, அதில் எத்தனை "புரிஞ்சுது" உண்மை? ஒர்க் ஷாப்பில் லேத் மெஷினுக்கு எவ்வளவு ஃபீட் கொடுக்கச் சொன்னார்கள் என்று கேட்காமல் தலையாட்டிவிட்டு டூல் பிட்டை உடைத்தவன் நான். வைவாவில் கேள்வியே புரியாமல் சம்பந்தமில்லாத பதிலைச் சொன்னவனும் நானே. எல்லாமே அந்தப் பந்தா "ரோஜர்"தான்! நாளைக்கு நாம் பாய்லர் பக்கத்திலும் ஹை டென்ஷன் லைன் பக்கத்திலும் நிற்கப் போகிறவர்கள். அங்கே நாம் தப்பாகத் தலையாட்டினால் சுற்றிவர வேறு வானம் கிடையாது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நான் மறைக்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் லைசென்ஸுக்கு ஒரு மணி நேரம்கூடச் சேராது. வயிற்றைக் கலக்கும் குலுக்கலும் உயிர்பயமும் நாற்காலியில் வராது. விடிய விடியப் பறந்துவிட்டு முதல் பீரியடில் தூங்கி வழிந்த குற்றமும் என் மேல் உண்டு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். தனியாக உட்கார்ந்து ரீசெட் தட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன். ஆனால் திருத்துவதற்கு நாலு பேர் கூட இருக்கும்போது அது படிப்பாகிவிடுகிறது. இதுதான் என் கட்சி.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இலவச சிமுலேட்டர் போதும், ஒரு பழைய ஜாய்ஸ்டிக் போதும். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் டவராகப் பேசட்டும், மற்றவர்கள் குறை சொல்லட்டும். ஆங்கிலம் வராது என்று பின்பெஞ்சில் ஒதுங்கும் நண்பர்கள்தான் முதலில் வர வேண்டும். அங்கே தேவைப்படும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதிலும் முதலில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று.

போன மாதம் அதே சென்னை ஓடுபாதை, என்னைப் போலவே ஒரு புதுப் பையன். கன்ட்ரோலர் சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு நடுங்கும் குரலில் "சே எகெய்ன்" என்றான். என் நாற்காலியில் இருந்தபடியே நான் கை தட்டினேன். "நடுராத்திரியில என்னடா சத்தம்?" என்றார் அம்மா.

ஒரு நல்ல பைலட் உருவாகிறான் அம்மா, வேறொன்றுமில்லை!