நாற்பது வயதுக்குத் திறக்காத கல்லூரி வாசல்

இருபது ஆண்டுகளாக வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர், வீட்டுக் கூரையில் சோலார் பேனல் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கிறார். தையல் கடை நடத்தும் பெண்ணுக்கு ஜிஎஸ்டி கணக்கைத் தானே பார்க்கத் தெரிய வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பராமரிக்கும் மகளுக்கு, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளும் முறையை யாராவது செய்து காட்ட வேண்டும். மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். மூவருக்கும் பட்டம் தேவையில்லை. முப்பது, நாற்பது மணி நேரப் பயிற்சி போதும். அதைக் கேட்டு இவர்கள் எந்த அரசுக் கல்லூரியின் வாசலில் போய் நிற்பது?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு மையங்கள் இருக்கின்றன. பட்டம் வேண்டுவோருக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. திறன் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர்களை மனத்தில் வைத்து வகுக்கப்படுகின்றன. வேலையில் இருந்துகொண்டே குறுகிய காலத்தில் ஒன்றைக் கற்க விரும்பும் நடுவயதினர், தனியார் பயிற்சி நிலையங்களுக்குக் கட்டணம் கட்டிப் போக வேண்டியிருக்கிறது. அதற்கும் வழியில்லாதவர்கள் ஆசையை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்கா இந்த இடைவெளியை நிரப்பியது சமுதாயக் கல்லூரிகளைக் கொண்டுதான். 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி இவற்றுக்கு முன்னோடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-ல் தந்த அறிக்கையில், இத்தகைய கல்லூரிகள் பட்டத்துக்கான படிக்கட்டாக மட்டும் இருந்தால் போதாது, தம் வட்டாரத்தின் வயதுவந்தோர் கல்வியையும் ஏற்க வேண்டும் என்றது. பகலில் இளைஞர்கள் அமரும் வகுப்பறையில் மாலையில் தொழிலாளர்களும் குடியேறிகளும் ஓய்வுபெற்றவர்களும் வந்து அமரும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

கலிஃபோர்னியாவின் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. அங்குள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளில், பட்டத்துக்கான மதிப்பீட்டுப் புள்ளிகள் இல்லாத வகுப்புகள் தனிப் பிரிவாக நடக்கின்றன. ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுக்கான தயாரிப்பு, குழந்தை வளர்ப்பு, முதியோருக்கான வகுப்புகள், குறுகிய காலத் தொழிற்பயிற்சி எனப் பட்டியல் நீள்கிறது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தார்கள் என்பதைக் கணக்கிட்டு அரசு கல்லூரிக்குப் பணம் தருகிறது. ஆகவே நாற்பது வயது மாணவரும் கல்லூரியின் கணக்கில் இடம்பெறுகிறார். அந்த ஏற்பாட்டுக்கும் சோதனை வந்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் நிதி சுருங்கியபோது, அங்கும் முதலில் வெட்டு விழுந்தவற்றில் முதியோர் வகுப்புகள் இருந்தன. வயதுவந்தோர் கல்விக்கென ஆண்டுக்கு 50 கோடி டாலரை மாநிலம் தனியாக ஒதுக்கத் தொடங்கியது 2015-ல்தான். தனி ஒதுக்கீடு இல்லாத கல்வி, பற்றாக்குறை வரும்போது முதல் பலியாகும் என்பதே இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

சமுதாயக் கல்லூரி நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் இந்த முயற்சிக்கு முதலில் இடம் கொடுத்ததே நம் பகுதிதான். 1995-ல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்தார். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வேலை தேடித்தந்ததில் இவற்றின் பங்கு பெரியது. சேர்வதற்கு வயதும் பெரிய தடையில்லை. ஆனாலும், ஏறக்குறைய ஓராண்டு நீளும் பட்டயப் படிப்பு, அதோடு களப்பயிற்சி, முடிவில் வேலை என்பதுதான் இவற்றின் அமைப்பு. பிழைப்பை விட்டுவிட்டுக் குடும்பஸ்தர் ஒருவர் இதில் வந்து சேர முடியாது.

இன்னொரு பக்கம், வயதுவந்தோரின் தொடர் கற்றலான வளர்கல்வியின் கதை. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. அதே காலத்தில் வந்த சமுதாயப் பாலிடெக்னிக் திட்டம், வயதோ படிப்போ கேட்காமல் சில மாதத் தொழிற்பயிற்சி தந்தது. தொண்ணூறுகளில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் மக்கள் இயக்கமாகவே நடந்தது. புதிதாக எழுத்தறிந்தவர்கள் தொடர்ந்து படிக்க வளர்கல்வி மையங்கள் வந்தன. 2009-ல் சாக்ஷர் பாரத் எழுத்தறிவுத் திட்டம் வந்ததும் பழைய ஏற்பாடு மாறியது. 2018-ல் அதுவும் முடிந்தது. இப்போது 2022 முதல் 2027 வரை, ரூ.1,037.90 கோடி மதிப்பீட்டில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. அதன் ஐந்து அங்கங்களில் தொழில்திறனும் வளர்கல்வியும் உண்டு. ஆனால், நடைமுறையில் பேசப்படுவது எத்தனை பேர் எழுத்தறிவுத் தேர்வில் தேறினார்கள் என்பதுதான். ஒவ்வொரு திட்டமும் முந்தையதை மூடிவிட்டு அகரத்திலிருந்தே தொடங்குகிறது.

இந்த நிலைக்கு அளவுகோலும் ஒரு முக்கியக் காரணம். உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். நியாயமாகப் பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால், பட்டம், பட்டயப் படிப்புகளில் சேர்ந்தோரை 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டுச் சொல்லும் விகிதம் இது. முப்பது மணி நேர வகுப்புக்கு வந்துபோகும் 45 வயதுக்காரர் இதில் எங்கும் தென்பட மாட்டார். கணக்கில் வராதவருக்காக எந்தக் கல்லூரி முதல்வர் மாலையில் விளக்கைப் போட்டு வைப்பார்?

வயதானவர்கள் வகுப்புக்கு வருவார்களா என்று கேட்கிறார்கள். பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷும் டேலியும் கற்கப் போகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். தடையாக இருப்பது நேரமும் தூரமும் கட்டணமும்தான். எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். காணொளி செய்துகாட்டும், தவறாகப் பிடித்த கருவியைக் கையிலிருந்து வாங்கிச் சரியாகப் பிடித்துக் கொடுக்காது. நிதிக்கு எங்கே போவது என்போருக்கும் பதில் உண்டு. கட்டடமும் பட்டறையும் கணினி ஆய்வகமும் ஏற்கெனவே வாங்கியவை. பல இடங்களில் மாலையில் பூட்டிக் கிடப்பவை. தேவைப்படுவது கற்பிப்போருக்கான மணிநேர ஊதியமும், ஒரு காவலரும், மின் கட்டணமும்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். முதுமை கூடிவரும் ஒரு மாநிலம், இருபத்தைந்து வயதுக்குள் கற்றதை வைத்தே மீதி நாற்பது ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்று இருக்க முடியாது. தமிழர்களும் வாழும் சிங்கப்பூர் 2016-லேயே 25 வயதைக் கடந்த குடிமக்களுக்குப் பயிற்சிச் செலவுக்கென 500 வெள்ளி கொடுக்கத் தொடங்கியது. 2024-ல் 40 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கியது.

தமிழ்நாட்டுக்குப் புதிய பல்கலைக்கழகம் எதுவும் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஓர் அரசு பாலிடெக்னிக்கையும் ஓர் அரசு கலைக் கல்லூரியையும் தேர்ந்தெடுத்து, மாலை ஆறரை முதல் எட்டரை வரை திறந்து வைத்தால் போதும். நுழைவுத் தகுதி வேண்டாம். தேர்வு விரும்புவோருக்கு மட்டும். எதைக் கற்பிப்பது என்பதை வணிகர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழுக்கள், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு அமர்ந்து முடிவுசெய்யலாம். அனுபவமுள்ள மேஸ்திரியும் செவிலியரும் கணக்கரும் ஆசிரியராக வரட்டும். பெண்கள் வர வேண்டுமானால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், வகுப்பு முடிந்ததும் பேருந்தும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. வரும் நிதிநிலை அறிக்கையில் வளர்கல்விக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும். அரசுக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் 25 வயதைக் கடந்த எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உயர்கல்வித் துறை இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.