முதுகில் ஒரு பை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "இளைஞரும் நாட்டு முன்னேற்றமும்னு ஒண்ணு எழுதித் தாயேன்" என்றார். போன மலரிலேயே அந்தத் தலைப்பில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நாடு எவ்வளவு முன்னேறியது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்! நான் வேறு விஷயம் சொல்கிறேன். டிப்ளமோ முடித்து, ஒரு வருஷம் சம்பளம் வாங்கியதும், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாம் ஒரு வெளிநாட்டுக்குப் போய் வர வேண்டும். வேலைக்கு அல்ல. சும்மா ஊர் பார்க்க, மனுஷரைப் பார்க்க. அதிலும் நம்மைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும்.

"ஏ புள்ள, பஸ் பாஸுக்கே வழியில்ல, பாரின் கேக்குதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வெளிநாடு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். சவூதி, துபாய், குவைத்து. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் காசு கட்டுவது, அழுதுகொண்டே வழியனுப்புவது, இரண்டு வருஷம் கழித்துப் பெரிய பெட்டியும் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டுமாக வந்து இறங்குவது. என் தாய்மாமா எட்டு வருஷம் தம்மாமில் வெல்டராக இருந்தார். ஓர் அறையில் ஆறு பேர். அதில் ஒருவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். மாமாவுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சி ஊட்டியவர் அந்தப் பாகிஸ்தான்காரர்தான். இன்றைக்கும் டிவியில் இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் ஓடி வீடே அலறும்போது மாமா மட்டும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் எட்டு வருஷத்தில் கடலை இரண்டே தடவைதான் பார்த்தாராம். தம்மாம் கடற்கரை ஊர்! பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. மாமா வெல்டிங் ஷெட்டில் இருந்தார்.

ஆக, அந்நியர் நடுவே சோறும் சிநேகமும் கிடைப்பது நம் சனங்களுக்குப் புதிதல்ல. தன் விருப்பத்துக்குப் போகிற போக்குத்தான் நமக்குப் புதிது.

இந்தப் பை மாட்டிப் போகும் பழக்கம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பரவிய கதையைப் பார்த்தால் அப்படியில்லை. 1909இல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் தம் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. வழியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். லீவு நாளில் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடமும் சும்மாதானே கிடக்கிறது, வழிப்போக்குப் பிள்ளைகளுக்குத் தங்கக் கொடுத்தால் என்ன என்று அந்த வாத்தியாருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தர விடுதியே வந்துவிட்டது. புகை மண்டிய தொழில் நகரத்துப் பிள்ளைகள் காடு மலை பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1932இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி உலகத்துக்கே ஓர் அமைப்பு வைத்தார்கள். நம் நாட்டிலும் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் இருக்கிறது.

அந்த விடுதிகளைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. இதற்காகவா ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் வருகிறார்கள்? நாம்தான் மூன்று வருஷமாக அனுபவிக்கிறோமே! அந்த வாழ்க்கைக்கு நம்மைவிடப் பயிற்சி பெற்றவர்கள் யார் இருக்கிறார்கள்? பக்கெட்டுக்கு வரிசையில் நிற்கத் தெரியும், ஒரு ஊறுகாய் பாட்டிலைப் பத்துப் பேர் பங்கு போடத் தெரியும், குறட்டைச் சத்தத்தில் தூங்கத் தெரியும்.

சரி, காசுக்கு வருவோம். ஒடிசாவில் ஆத்மல்லிக் பக்கத்துக் கிராமத்தில் 1949இல் பிறந்தவர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா. தீண்டாமைக்கு ஆளான சாதி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார விடாமல் தன்னை வெளியே உட்கார வைத்ததைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஓவியம் படிக்க டெல்லி வந்து, கன்னாட் பிளேஸில் போவோர் வருவோரை உட்கார வைத்துப் படம் வரைந்து வயிறு கழுவினார். 1975 டிசம்பரில் ஸ்வீடனிலிருந்து வந்த சார்லோட் வான் ஷெட்வின் என்ற பெண் படம் வரையச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். பழகினார்கள், அவர் கிராமத்துக்குப் போய் வந்தார்கள், பிறகு அவள் ஊர் திரும்பினாள். விமான டிக்கெட்டுக்கு அவரிடம் காசில்லை. இருந்ததை விற்று ஒரு பழைய சைக்கிள் வாங்கி, 1977 ஜனவரியில் டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டார்! ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பா போய், கடைசித் தூரத்தை ரயிலில் கடந்து, மே மாதம் ஸ்வீடன் சேர்ந்தார். வழியில் பாஷை தெரியாத ஊர்களில் முகங்களை வரைந்து கொடுத்தார். சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். அங்கேயே கல்யாணமாகி ஓவிய ஆசிரியராக வாழ்ந்தார்.

இதை எல்லோரும் காதல் கதையாகத்தான் சொல்கிறார்கள். சைக்கிள் மிதித்த ஆண்பிள்ளையின் வீரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்தான் கண்ணில் நிற்கிறாள். அவள்தானே முதலில் வந்தாள்? பத்தொன்பது இருபது வயசில், சிநேகிதர்களோடு ஒரு வேனை ஓட்டிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு மேல் பயணம் பண்ணி டெல்லிக்கு. எனக்கும் கிட்டத்தட்ட அந்த வயசு. நான் எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகவே அம்மா, அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுச் சித்தி என்று நாலு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் சாலை இப்போது அப்படி இல்லை. 1979இல் ஈரானில் புரட்சி, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. ஐரோப்பாவிலிருந்து நிலவழியாக டெல்லிக்கும் காட்மாண்டுவுக்கும் வந்துகொண்டிருந்த இளைஞர் கூட்டம் அதோடு நின்றுபோனது.

அதற்கும் முன்னால், 1962இல், சதீஷ் குமாரும் இ.பி. மேனனும் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று சொல்வதற்காக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை. கடல் வந்த இடத்தில் மட்டும் கப்பல். மொத்தம் சுமார் 8,000 மைல். கையில் காசு கொண்டு போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவர் வினோபா பாவே. பாகிஸ்தான் எல்லையில் பிரியப்பட்டவர்கள் கட்டுச்சோறு கொடுத்தபோது சதீஷ் குமார் வாங்கவில்லை. பையில் சோறு வைத்திருந்தால் அந்த ஊர்க்காரன் சோறு போடுவான் என்று நான் நம்பவில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டாராம். கருங்கடல் ஓரத்தில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நாலு பொட்டலம் தேயிலை கொடுத்து, அணுகுண்டு வைத்திருக்கும் நாலு நாட்டுத் தலைவர்களுக்கும் சேர்த்துவிடச் சொன்னார்கள். குண்டுப் பொத்தானை அமுக்கத் தோன்றினால் முதலில் ஒரு டீ போட்டுக் குடிக்கட்டும் என்று! அம்மா பீடி சுற்றும் திண்ணையில் இதைப் படித்துக் காட்டினேன். கூட இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓர் அக்கா மட்டும், "அந்தப் பொம்பளைகளும் நம்மள மாரி கூலிக்காரிதானட்டி" என்றாள்.

அந்நியர் கையில் வாங்கித் தின்பது பற்றி நமக்குச் சொல்லித் தந்திருப்பது வேறு. சென்ற வருஷம் தொழிற்சாலைப் பார்வைக்குப் பெங்களூர் போனோமே, ஞாபகமிருக்கிறதா? ரயில் ஏறும் முன் சார் சொன்ன முதல் கட்டளை, யார் என்ன கொடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாது. பிஸ்கட்டில் மயக்க மருந்து கதை நிஜம்தான், பேப்பரில் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் எதிர் சீட்டில் மேற்கு வங்காளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அந்த அம்மாள் பொரியில் பச்சை மிளகாயும் வெங்காயமும் கடுகெண்ணெயும் போட்டுக் குலுக்கி, முதலில் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் நீட்டினாள். தான் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த பாத்திரத்திலிருந்து நமக்கும் கொடுத்தால் அதில் என்ன பயம்? நாங்கள் முறுக்கு கொடுத்தோம். கடுகெண்ணெய் வாசம் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். எதை வாங்கலாம் எதை வாங்கக் கூடாது என்று கண்ணால் எடைபோடும் புத்தி வெளியே போனால்தான் வரும். சார் கோபிக்கக் கூடாது!

வாங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நகரங்களில் சில வெள்ளைக்காரப் பயணிகள் "என் உலகப் பயணத்துக்கு உதவுங்கள்" என்று அட்டை எழுதி வைத்துத் தெருவில் உட்கார்ந்திருக்கும் படங்கள் சில வருஷமாகப் பத்திரிகைகளில் வருகின்றன. நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்கிற தெருக் கடைக்காரனிடம் கையேந்தி ஊர் சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. மகாநந்தியா சோற்றுக்குப் பதில் படம் கொடுத்தார். நம் கையிலும் ஏதோ இருக்கிறது. சுவிட்சு போர்டு கழற்றி மாட்டத் தெரியும், சைக்கிள் செயின் போடத் தெரியும், ஏழு பேருக்கு ரசம் வைக்கத் தெரியும். டூரிஸ்ட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது சட்டப்படி தப்பு, அதில் கை வைக்காதீர்கள். ஆனால் தங்கும் விடுதிச் சமையலறையில் ரசம் வைத்துப் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரு டம்ளர் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

எல்லாருக்கும் வாசல் ஒரே அகலத்தில் திறக்காது என்பதையும் மறைக்க வேண்டாம். ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்டால் பேங்குக் கணக்கைக் காட்டு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடு என்பார்கள். நம் கணக்கில் ஸ்காலர்ஷிப் வந்து போன தடம் மட்டும் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் பிள்ளை தைரியசாலி, இங்கிருந்து கிளம்பும் பிள்ளை சந்தேகப்படத்தக்கவன். இது அநியாயம்தான். அதற்காக வீட்டிலேயே உட்கார வேண்டியதில்லை. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம்; 1950இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வாக்காளர் அட்டை போதும். பதினெட்டு ஆனவுடன் அரசாங்கம் தருகிற அட்டை! கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனவுலிக்குப் பஸ், பிறகு எல்லை வளைவைத் தாண்டி நடந்தே இன்னொரு நாட்டுக்குள் போய்விடலாம். பக்கத்திலேயே புத்தர் பிறந்த லும்பினி. சாப்பாடு தால் பாத், அதாவது சோறும் பருப்பும் காய்கறியும். நம்ம ஊர் மீல்ஸ் மாதிரி மறு சோறும் கேட்டு வாங்கலாம்.

பெண்பிள்ளைகளுக்கு? எங்கள் வீட்டில் பேச்செடுத்ததும் வந்த பதில், "ஊர் சுத்தவாட்டி உன்னப் படிக்க வச்சேன்? காலம் கெட்டுக் கெடக்கு." அம்மாவின் பயம் பொய்யல்ல. நானும் தனியாகப் போகிறேன் என்று சொல்லவில்லை, மூன்று நாலு பேராகத்தான். பெண்களுக்கென்று தனிப் படுக்கை அறை உள்ள விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். போன வருஷம் நம் சீனியர் அக்காமார் பதினெட்டுப் பேரை 600 கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்பினார்களே, நைட் ஷிப்டுக்கு, யாரையும் தெரியாத ஊருக்கு. அப்போது காலம் கெட்டுக் கிடக்கவில்லையா? சம்பளம் வரும் வழியில் மட்டும் பயம் குறைந்துவிடுகிறது. அதே பெண் அதே காசில் பத்து நாள் தனக்காகப் போகிறேன் என்றால் பயம் திரும்பி வந்துவிடுகிறது.

மாமாவின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற முத்திரை உண்டு. வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் அரசாங்க அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று பொருள். படிப்பு குறைந்த கூலித் தொழிலாளியை ஏமாற்றிவிடக் கூடாதென்று வைத்த விதி. மாமா எட்டாவதோடு நின்றவர். பத்தாவது தேறியவர்களுக்கு அந்த முத்திரை கிடையாது. நமக்கெல்லாம் கிடையாது! இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகையால் பேரவைக்கு என் கோரிக்கை: வருகிற கல்வியாண்டில் ஒரு நாள் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வையுங்கள். பதினெட்டு முடிந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். கட்டணம் 1,500 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆதார், பத்தாவது மார்க் ஷீட், முகவரிச் சான்று, பிறகு போலீஸ் விசாரணை. விசாரணைக்கு வீட்டுக்குப் போலீஸ் வந்தால் தெருவே கூடும் என்று பயப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே பெற்றோரை அழைத்து விளக்கிச் சொல்லுங்கள்.

முதல் விண்ணப்பம் என்னுடையது. தையல் கூலியில் 1,100 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வந்ததும் தம்பி வாசித்துக் காட்டுவான்.

— மாணவி, மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு