அன்டெனாக்கள் கூடினால் மட்டும் போதுமா?

புறக்கோட்டை பிரதான வீதி, கெய்சர் வீதி போன்ற இடங்களில் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இன்று கணக்கு, கண்காணிப்புக் கமெரா, கியூ.ஆர். கொடுப்பனவு என எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். பைபர் எடுக்காத கடைகள் கம்பியில்லா ரவுட்டரையே நம்பியிருக்கின்றன. 5ஜி வந்தால் எல்லாக் குறையும் தீரும் என்பது பலரது எண்ணம். ஒரே கோபுரத்தில் 64 அனுப்பி-ஏற்பிகள் என்ற விளம்பரமும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது.

இந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை. பல அன்டெனாக்கள் கொண்ட கோபுரம், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பலருக்குத் தனித்தனியே தரவை அனுப்ப வல்லது. ஒருவரிடம் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறவும், மற்றவரிடம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் அது கணக்கிட்டு அனுப்புகிறது. அன்டெனாக்களை மிகப் பெரும் எண்ணிக்கையில் கூட்டினால் என்ன பயன் என்பதை பெல் ஆய்வுகூடத்தின் தோமஸ் மார்செட்டா 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவருக்கும் அலை வந்துசேரும் பாதை வேறுபட்டிருக்க வேண்டும். உயரமான கோபுரத்தில் இருந்து பார்த்தால் அடுத்தடுத்த கடைகள் ஏறத்தாழ ஒரே திசையில்தான் இருக்கின்றன. அவற்றின் பாதைகள் ஒன்றுபோல் அமைந்துவிட்டால், பக்கத்துக் கடையில் அலையை அழிக்கப்போய் உங்கள் கடையிலும் அது வலுவிழக்கிறது. அப்போது கோபுரத்துக்கு இருக்கும் வழி, ஒரே திசையில் உள்ளவர்களுக்கு நேரத்தையோ அலைவரிசையையோ பங்குபோட்டுக் கொடுப்பதுதான். வெவ்வேறு திசைகளில் உள்ளவர்களை மாத்திரமே அதனால் ஒன்றாகக் கவனிக்க முடியும். ஆக, அன்டெனா 64 ஆனாலும் நெரிசலான தெருவுக்குக் கிடைப்பது பங்குதான்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகளில் இதன் தாக்கம் தெரியும். கடைகளின் ரவுட்டர்களோடு, தெருவில் நிற்கும் வாடிக்கையாளர்களின் தொலைபேசிகளும் அதே பங்கில் வந்து சேர்கின்றன. கொடுப்பனவு போகாமல் சுற்றிக்கொண்டிருந்தால், பொருளை வைத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எனவே நிறுவனங்களிடம் அன்டெனா எண்ணிக்கையைக் கேட்பதில் பயனில்லை. நெரிசல் நேரத்தில் இந்தத் தெருவில் ஆகக் குறைந்த வேகம் என்ன என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதிலாகச் சிறிய நிலையங்களைப் பல திசைகளிலும் அமைக்கும்படி கோர வேண்டும். தனிக்கடை கேட்டால் எடுபடாது. வர்த்தகர் சங்கம் கேட்டால் எடுபடும். இடம் மாறாத கடைகள், வசதி இருக்குமிடத்தில் பைபருக்கு மாறுவதும் நல்லது. கம்பியில்லா இணையத்தை விட்டால் வேறு வழியில்லாத நடைபாதை வியாபாரிக்கு அதனால் இடம் கிடைக்கும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்காதே என்பது எமது மார்க்கம் வியாபாரிக்கு இட்ட கட்டளை. உச்ச வேகத்தைக் காட்டி விற்றுவிட்டு, நெரிசலில் கிடைக்கும் வேகத்தை மறைப்பதும் அளவைக் குறைதான். விற்பவர் சொல்லாவிட்டால், வாங்கும் நாமாவது கேட்போம்.