இறுக்கினால் தீராத ஆட்டம்

மடக்குக்கத்தி ஆடுகிறது என்றதும் பெரும்பாலோர் கை திருகாணியைத் தேடிப் போகிறது. திருகு இல்லாமல் தறையடித்த கத்தியானால் சாணை பிடிப்பவர் தறையின் தலையில் இரண்டு அடி அடித்துக் கொடுத்துவிடுவார். ஆட்டம் நின்றுவிடும், கத்தி சரியாகிவிட்டது என்ற நிம்மதியும் வந்துவிடும். இந்த வைத்தியம் பல வேளைகளில் நோயை மறைக்கிறது. சில வேளைகளில் அதை வளர்க்கவும் செய்கிறது. விளைவைத் தாங்குவது அதைப் பிடித்திருக்கும் விரல்.

மெட்டுகுடாவைப் போன்ற ஓர் இடத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு. 1893இல் நிஜாம் இரயில்வேயின் காலத்தில் தொடங்கிய லாலாகுடா பெட்டிப் பணிமனை அதன் அருகிலேயே இருக்கிறது. இரயில்வே வேலையாக வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு ஆட்டம் வேறு, தேய்மானம் வேறு என்பது பாடமாகச் சொல்ல வேண்டிய செய்தியன்று. அகலப்பாதையின் அகலம் 1676 மி.மீ. ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி 1600 மி.மீ. புதுச் சக்கரங்களின் இரு விளிம்புகளும் சேர்ந்து 57 மி.மீ. தடிப்பு. மிஞ்சும் 19 மி.மீ. ஆட்டம் குறையன்று, வேண்டுமென்றே விடப்பட்ட இடம். அதே சக்கரத்தின் 28.5 மி.மீ. விளிம்பு 16 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் சக்கரம் ஒதுக்கப்படுகிறது. எந்த இடைவெளி இருக்கலாம், எந்தத் தேய்வு கூடாது என்று அளவுகோல் வைத்துத் தீர்ப்பளிக்கும் அந்தப் பழக்கம் சட்டைப்பையிலுள்ள கத்தியிடம் மட்டும் வருவதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கத்திக்குப் பூட்டு உண்டா என்பதே. பேனாக்கத்தி வகையிலும், மின்பணியாளர்கள் வைத்திருக்கும் மலிவான மடக்குக்கத்திகள் பலவற்றிலும் பூட்டே கிடையாது. முதுகிலுள்ள வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்திவைக்கிறது. விரிக்கும்போது கேட்கும் ‘டக்’ ஒலியைப் பூட்டு விழுந்த ஓசையாக எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

பூட்டு உள்ள கத்தியானால், துடைத்து, மூட்டில் சேர்ந்த நூல்தூசியை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டபின் பார்க்க வேண்டும். அழுக்கு அடைந்த பூட்டு முழுவதும் விழாது. அதைத் தேய்மானம் என்று முடிவுகட்டுவது அவசரம். பிறகு அலகை விரித்துப் பூட்டி, கைப்பிடியை ஒரு கையால் அசையாமல் பிடித்து, முதுகுப்பக்கமாகப் பற்றி அலகை இரு திசைகளில் தனித்தனியே அசைக்க வேண்டும். இடவலமாக அசைவது ஒன்று. மேலும் கீழுமாக, அதாவது மடங்கும் திசையிலும் அதன் எதிர்த்திசையிலும் அசைவது மற்றொன்று. இரண்டையும் ‘ஆட்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதிலிருந்துதான் பிழையான வைத்தியம் தொடங்குகிறது.

பக்க ஆட்டத்தின் இருப்பிடம் அச்சு. திருகு தளர்ந்திருக்கலாம், வாஷர் தேய்ந்திருக்கலாம், அச்சுத்துளையே நீள்வட்டமாகியிருக்கலாம். முனையில் தெரியும் அசைவைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 8 மி.மீ. அகல வாஷரில் 0.05 மி.மீ. இடைவெளி விழுந்தால், 80 மி.மீ. அலகின் முனையில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். திருகைச் சிறிது சிறிதாக இறுக்கும்போது அலகு தாராளமாகத் திரும்பிக்கொண்டிருக்கையிலேயே ஆட்டம் நின்றுவிட்டால், அது வெறும் தளர்வுதான். அலகு அசைய மறுக்கும்வரை இறுக்கினால்தான் நிற்கிறது என்றால் வாஷரோ துளையோ தேய்ந்துவிட்டது.

மேல்கீழ் ஆட்டம் வேறு சங்கதி. விரித்துப் பூட்டிய அலகை மூன்று புள்ளிகள் தாங்குகின்றன: அச்சு, அலகு மேலும் விரியாமல் தடுக்கும் முளை, அது மடங்காமல் தடுக்கும் பூட்டு. இவற்றில் ஒன்று தேய்ந்தாலும் அலகு அந்தத் திசையில் அசையும். திருகை இறுக்குவதால் இந்த மூன்றின் உறவு மாறுவதில்லை. உராய்வு கூடுவதால் அசைவு கைக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். அதைவிட மோசமானது, இறுகிப்போன அலகு தடுப்புமுளைவரை முழுதாகச் சென்று சேராமல் நின்றுவிட, பூட்டு பாதியே விழுவது. ஆட்டம் நின்றுவிட்டதாக மகிழும் அதே நாளில் பூட்டு முன்னைவிடப் பலவீனமாகிறது.

ஆட்டம் இல்லாததும் நலத்துக்குச் சான்றாகாது. இன்று மிகுதியாக விற்கும் உள்தகட்டுப் பூட்டில், வளைந்து வரும் தகட்டின் நுனி அலகின் அடியிலுள்ள சரிவில் சென்று முட்டுகிறது. தேயத் தேயத் தகடு அச்சரிவில் இன்னும் சற்று உள்ளே நகர்ந்து இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். 1955இல் ஒப்பினெல் கத்தியில் வந்த சுழல்வளையப் பூட்டும் ஏறத்தாழ இவ்வாறே ஈடுசெய்கிறது. நல்ல உத்தி, ஆனால் தேய்மானத்தை அது கடைசிநாள்வரை ஒளித்துவைக்கிறது. தகடு எதிர்ப்புறத் தகட்டைத் தொட்டபின் நகர இடமில்லை. அதன் பிறகே ஆட்டம் தலைகாட்டும். ஆகவே இவ்வகைக் கத்தியில் கண் பார்க்க வேண்டியது தகடு எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்பதை. புதிதாக வாங்கிய அன்றே அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது, பின்னர் ஒப்பிடுவதற்குப் போதுமான அளவுகோல்.

ஃபிட்டர்களுக்குப் பழக்கமான நீலச்சாயச் சோதனை இங்கும் உதவும். பூட்டு முட்டும் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவி, பத்துமுறை விரித்து மடக்கினால், மை அழிந்த இடமே உண்மையில் சுமை தாங்கும் இடம். அது சீரான ஒரு பட்டையாக இல்லாமல் ஓர் ஓரத்தில் புள்ளியாக மட்டும் தெரிந்தால், அந்தப் புள்ளி விரைவில் நசுங்கும்.

அலகின் முதுகை மேசையில் ஓங்கித் தட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. மடங்கிவிடும் பூட்டை அது காட்டிக்கொடுக்கிறது என்பர் அதன் ஆதரவாளர். நல்ல பூட்டின் முகத்தையும் அதுவே நசுக்குகிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. விரல்களை மடங்கும் பாதைக்கு வெளியே வைத்து, முதுகில் கட்டைவிரலால் மெல்லக் கூட்டிக் கூட்டி அழுத்துவதே போதும்.

‘ஆறு மாதமாக ஒழுங்காகத்தானே இருந்தது’ என்ற வாதத்துக்கும் இங்கே இடமில்லை. கூர்ப்பக்கத்தால் அறுக்கும்போது எதிர்விசை அலகை விரியும் திசையில் தள்ளுகிறது; சுமை தடுப்புமுளைக்குப் போகிறது, பூட்டு சும்மா இருக்கிறது. கேபிளின் மேலுறையில் சிக்கிய அலகை அசைத்து உருவும்போதும், நுனியால் துளையிடும்போதும்தான் முதுகில் விசை விழுந்து பூட்டுக்கு வேலை வருகிறது. ஆயிரம் அறுப்புகளில் பூட்டு ஒருமுறைகூடச் சோதிக்கப்பட்டிராது. முதல் சோதனை ஏணியின் மேல் நடக்கலாம்.

இந்த நாட்டில் மடக்குக்கத்தி என்றாலே இராம்பூரியும் அடிதடியும் நினைவுக்கு வருவதால், அதைக் கருவியாக வைத்துப் பேசும் பேச்சு குறைவு. ஆயுத விதிகள் 9 அங்குல நீளத்தையும் 2 அங்குல அகலத்தையும் அளக்கின்றன. பூட்டைப் பார்ப்பது அவற்றின் வேலையன்று. தொழிலாளி தன் காசில் வாங்கிய கத்தி, ஏணியையும் ஜாக்கியையும் போல ஆய்வுப் பதிவேட்டில் பொதுவாக ஏறுவதுமில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஒதுக்கி, இரு திசைகளிலும் அசைத்து, பூட்டுத்தகடு நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும். மேல்கீழ் ஆட்டம் கண்ட மலிவுக்கத்தியைத் திருத்த முயல்வது வீண். பூட்டை மாற்றும் கூலி கத்தியின் விலையைத் தாண்டிவிடும். அலகையும் பிடியையும் பிரித்த பிறகே அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், உதவியாளன் கைக்கு அது போய்விடக் கூடாது. உண்மையில் கேபிள் உரிக்கும் வேலைக்கு மடக்குக்கத்தி தேவையே இல்லை. உறையோடு இடுப்பில் தொங்கும் மடங்காத சிறு கத்தி விலையும் குறைவு. அதில் தேய்வதற்குப் பூட்டும் இல்லை.