பூட்டிக் கிடக்கும் மில்லைக் கலைக்கூடம் ஆக்கலாமா? ஒரு டாக்டரின் பார்வை

1. மூடின ஆலையை என்ன செய்யலாம்? இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டலாம். மால் கட்டலாம். இல்லைன்னா சீமைக்கருவேலம் முளைக்கட்டும்னு விட்டுடலாம். நம்ம ஊர்ல பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான் நடக்குது.

நாலாவதா ஒரு வழி இருக்கு. ஊர் மக்கள் வந்து பாட, ஆட, வரைய, நாடகம் போட, மண்பாண்டம் செய்யக் கத்துக்க, ஒண்ணுமே இல்லைன்னா சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒரு பொது இடமா மாத்துறது.

"இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. இருக்கு. இது நீள்பதிவு, பொறுமையா படிங்க மக்களே.

2. தூக்கம் வரல, பசிக்கல, உடம்பெல்லாம் வலின்னு வர்ற பெரியவங்களை எங்களை மாதிரி பொது மருத்துவர்கள் தினமும் பார்க்கிறோம். சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் சரியா இருக்கும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தாதான் விஷயம் வெளியே வரும். பிள்ளைங்க வெளியூர்ல. பேசுறதுக்கு டிவிதான். வீட்டை விட்டு வெளியே போனா காசு செலவழிக்காம உட்கார ஒரு இடம் கிடையாது.

தனிமையை லேசா எடுத்துக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையால பாதிக்கப்பட்டிருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 8.7 லட்சம் மரணங்களோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னு அந்த அறிக்கை சொல்லுது.

3. இதே நிறுவனம் 2019-ல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அறிக்கை கொடுத்தது. மனநலம், முதியோர் நலம், நாள்பட்ட நோயோட வாழுறவங்களோட நிம்மதின்னு பல இடங்கள்ல கலை உதவுதுன்னு அதுல இருக்கு.

உடனே "பாட்டுப் பாடினா சுகர் போயிடும்"னு யாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு போட வேண்டாம். அந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே தரம் கிடையாது. மாத்திரைக்குப் பதில் பாட்டு இல்லை. மாத்திரையும் வேணும், மனுஷங்களும் வேணும். அவ்வளவுதான் நான் சொல்றது.

4. சரி, ஆலையை இப்படி மாத்தினவங்க யாராவது இருக்காங்களா? எனக்குப் பிடிச்ச உதாரணம் பிரேசில் நாட்டு சாவ் பாவ்லோவில் உள்ள செஸ்கி பொம்பேயா.

அது ஒரு பழைய டிரம் தொழிற்சாலை. மாத்திக் கட்டுற பொறுப்பு லினா போ பார்டி என்ற பெண் கட்டடக் கலைஞர்கிட்ட வந்தது. அவங்க போய்ப் பார்த்தப்போ, காலியா கிடந்த அந்த இடத்துல ஏற்கெனவே பிள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருந்தாங்க. குடும்பங்கள் விடுமுறை நாள்ல வந்து உட்கார்ந்திருந்தாங்க. இடிக்க வேண்டாம், இந்த மகிழ்ச்சியை அப்படியே காப்பாத்தணும்னு அவங்க முடிவு பண்ணாங்க.

1982-ல் திறந்தாங்க. பழைய செங்கல் கொட்டகைகள்ல நூலகம், நாடக அரங்கு, கைவினைப் பட்டறைகள், எல்லாருக்கும் கட்டுப்படியான சாப்பாட்டுக்கூடம். பின்னாடி விளையாட்டுக்கும் நீச்சலுக்கும் தனிக் கட்டடம் வந்தது.

முக்கியமான விஷயம் பணம். வணிக நிறுவனங்கள் சம்பளப் பட்டியல் மேல கட்டாயமா செலுத்தும் 1.5 சதவீதப் பங்களிப்புலதான் செஸ்கி அமைப்பு நடக்குது. அதாவது தினசரிச் செலவுக்கு நிரந்தர வழி பண்ணியிருக்காங்க. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிட்டுப் போற கதை இல்லை.

5. இப்போ நம்ம நாட்டுக் கதை. மும்பையில் 1982-ல் பெரிய மில் வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். அதுக்கப்புறம் மில்கள் ஒவ்வொண்ணா மூடின. நகரத்துக்கு நடுவுல 600 ஏக்கர் அளவுக்கு மில் நிலம்.

1991-ல் ஒரு விதி வந்தது. மில் நிலத்தை மாத்திக் கட்டினா, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதிதான் உரிமையாளருக்கு. நல்ல விதி. ஆனா 2001-ல் அதைத் திருத்தினாங்க. மொத்த நிலத்தையும் பங்கு போட வேண்டாம், கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டா போதும்னு ஆயிடுச்சு. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏத்துக்கிட்டது. ஊருக்குக் கிடைக்க வேண்டிய இடம் சுருங்கிப் போச்சு. ஃபீனிக்ஸ் மில் இன்னைக்கு மால். புகைபோக்கி மட்டும் ஞாபகத்துக்கு நிக்குது.

விதியில ஒரு வரி மாறினா ஒரு நகரத்தோட மூச்சு விடுற இடம் போயிடும். அதனாலதான் "கலைக்கூடம் வரப்போகுது"ன்னு யாராவது அறிவிச்சா நான் முதல்ல பார்க்கிறது பட்டா யார் பேர்ல இருக்குங்கிறதைத்தான்.

6. அடுத்தது நெருப்பு. டாக்டரா இதைச் சொல்லாம விட முடியாது.

2016 டிசம்பர் 2. அமெரிக்காவின் ஓக்லாண்டில் கலைஞர்கள் சேர்ந்து வாழ்ந்த 'கோஸ்ட் ஷிப்' என்ற பழைய கிடங்கில் இசை நிகழ்ச்சி. தீப்பிடிச்சு 36 பேர் இறந்தாங்க. தானா தண்ணி தெளிக்கிற அமைப்பும் இல்லை, அலாரமும் இல்லை. மாடிப்படியில் ஒரு பகுதி மரப்பலகைத் தட்டுகளை அடுக்கிச் செஞ்சது.

2017 டிசம்பர் 29. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டை மாடி உணவகத்தில் தீ. 14 பேர் மரணம்.

இந்த மாதிரி விபத்துகள்ல தீ உடம்பைத் தொடுறதுக்கு முன்னாடியே புகை ஆளை வீழ்த்திடும். கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்ஸிஜனோட இடத்தைப் பிடிச்சுக்கும். நினைவு தப்புறதுக்குச் சில நிமிஷம் போதும். அதனால சுவர் ஓவியத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திறக்கிற வாசல் வேணும்.

7. அப்புறம் கட்டடத்துக்கே ஒரு 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' வேணும்.

கூரை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா இருக்கிறப்போ இருக்கிற ஆபத்தை விட, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் வர்ற ஆபத்துதான் பெருசு. அந்த இழை நுரையீரலுக்குள்ள போய், 20 முதல் 50 வருஷம் கழிச்சுக்கூட புற்றுநோயா வரலாம். தன்னார்வலர்னு சொல்லி காலேஜ் பசங்களை வச்சு இதைக் கழட்டவே கூடாது.

பெயிண்ட்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு ஈயத்துல 'இவ்வளவு வரை பரவாயில்லை'ன்னு ஒரு அளவே கிடையாது.

மண்: கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணுல கலந்த பாதரசத்தைச் சுத்தம் பண்ற பிரச்சினை அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா இழுத்தது. கதவை மூடினதும் ரசாயனம் ஊரை விட்டுப் போயிடாது.

8. இப்போ எனக்கே சங்கடமான இடத்துக்கு வர்றேன்.

கோவை உட்பட தமிழ்நாட்டில் இருக்கிற மத்திய அரசின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்குல நின்னது. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பப் போராடினாங்க. சம்பள பாக்கிக்காக கேட்ல நிக்கிறவர்கிட்டப் போய் "அண்ணே, இங்க ஓவியக் கண்காட்சி வைக்கலாமா?"ன்னு கேட்டா அது கலை இல்லை, அவமானம்.

பஞ்சு மில்லில் வருஷக்கணக்கா தூசியைச் சுவாசிச்சவங்களுக்கு பிஸினோசிஸ்னு ஒரு நுரையீரல் நோய் வரும். வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். முத்தினா எல்லா நாளும் மூச்சு வாங்கும். அந்தக் கட்டடத்துக்கு அவங்க கொடுத்த வாடகை அது.

ஆகவே என் கருத்து இதுதான்: மில்லை ஓட்ட முடியும்னா முதல்ல ஓட்டுங்க. முடியாதுன்னு முடிவானா, தொழிலாளர் கணக்கை முழுசா தீர்த்துட்டு, அதுக்கப்புறம் ஊருக்குக் கொடுங்க. அப்படிக் கொடுக்கிறப்போ அவங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் நிர்வாகத்துல இடம் வேணும். பழைய தறியையும் வருகைப் பதிவேட்டையும் காட்சிக்கு வச்சு, அதை ஓட்டினவரை வாசல்ல நிறுத்துற கலைக்கூடம் நமக்கு வேண்டாம்.

9. "இந்தக் காசுக்கு ஆஸ்பத்திரியில படுக்கை போடலாமே டாக்டர்?" நியாயமான கேள்வி. படுக்கை கண்டிப்பா வேணும், அதுல சமரசமே இல்லை. ஆனா படுக்கை வரைக்கும் வராம தடுக்கிறதும் மருத்துவம்தான். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் செலவு பண்றோம்ல, இதுவும் அந்தக் கணக்குதான். ஏற்கெனவே நிக்கிற சுவரையும் கூரைச் சட்டத்தையும் பயன்படுத்துறோம். வெயில் ஊர்ல நிழலுக்குன்னே கட்டின உயரமான கொட்டகை ஒண்ணு சும்மா கிடக்குது.

10. உங்க ஊர்ல இப்படி ஒரு மில்லோ, சர்க்கரை ஆலையோ, ஓட்டுச் சூளையோ பூட்டிக் கிடக்குதா? அதைக் கலைக்கூடம் ஆக்கப் போறோம்னு யாராவது வந்தா கிராம சபையிலயோ வார்டு கூட்டத்துலயோ எழுந்து நின்னு இந்த அஞ்சு கேள்வி கேளுங்க:

நிலம் யார் பேர்ல இருக்கு?
மண்ணையும் கூரையையும் பரிசோதிச்ச அறிக்கை எங்கே?
தீப்பிடிச்சா வெளியே போக எத்தனை வழி?
அஞ்சாவது வருஷம் கரண்ட் பில் யார் கட்டுவாங்க?
பக்கத்துத் தெருவுல இருக்கிற, கையில பத்து ரூபாய் இல்லாத பாட்டி உள்ளே வந்து உட்காரலாமா?

அஞ்சுக்கும் நல்ல பதில் வந்தா கை தட்டுங்க. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா அது இன்னொரு மால், அவ்வளவுதான்.

உங்க ஊர் ஆலை எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அங்க வேலை பார்த்தவங்க வீட்டுல யாராவது இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.