காலேஜ் செக்ரட்டரின்னா ஸ்டேஜ் போடுற ஆளா?

மெடிக்கல் காலேஜ்கள்ல ஸ்டூடன்ட் கவுன்சில் லிஸ்ட் வர்ற சீசன். சேர்மன், செக்ரட்டரி, கல்ச்சுரல், ஸ்போர்ட்ஸ்னு பேர் போட்டு, பேட்ஜ் குத்தி, டீனோட போட்டோ எடுத்துப் போடுறாங்க. பசங்களுக்கு வாழ்த்துகள். ஆனா அந்த லிஸ்ட்டைத் தயார் பண்ணவங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு. நீளமான த்ரெட், பொறுத்துக்கங்க.

பல காலேஜ்கள்ல இவங்களை மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறதில்ல, நிர்வாகம் பொறுக்கி எடுக்குது. நல்ல மார்க், எதிர்த்துப் பேசாத பையன், அவ்வளவுதான் தகுதி. வேலை என்ன? சீஃப் கெஸ்ட்டுக்குப் பொக்கே, டி-ஷர்ட் ஆர்டர், டிஜே. ஈவென்ட் மேனேஜரை சம்பளம் இல்லாம வச்சிருக்கோம்.

"எலெக்‌ஷன் வச்சா கட்சி வரும், சாதி வரும், கத்தி வரும் டாக்டர்"னு கமெண்ட் வரும்னு தெரியும். அந்தப் பயத்துக்குத்தான் லிங்டோ கமிட்டி போட்டாங்க. 2006-லயே சுப்ரீம் கோர்ட் அதை அமல்படுத்தச் சொல்லிடுச்சு. கட்சித் தொடர்பு கூடாது, வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள்ள, அச்சடிச்ச போஸ்டர் கூடாது, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். சூழ்நிலை சரியில்லாத இடத்துல தற்காலிகமா நியமனம் பண்ணிக்கலாம், ஆனா அதையும் வெறும் மார்க்கை வச்சுப் பண்ணாதீங்க, 5 வருஷத்துக்குள்ள தேர்தலுக்கு மாறிடுங்கன்னும் அதுல இருக்கு. 2006-ஓட 5-ஐக் கூட்டிக்கங்க. நம்ம 'தற்காலிகம்' இன்னும் முடியல.

அப்புறம், பேச ஒரு பிரதிநிதி இல்லாத கேம்பஸ் அமைதியா இருக்கும்னு யார் சொன்னது? சென்னையில 'ரூட்டு தல' எந்தத் தேர்தல்ல ஜெயிச்சு வந்தாரு?

கவுன்சிலோட உண்மையான வேலை என்னன்னு ஒரு கதை சொல்றேன். நான் படிக்கும்போது நடந்தது, காலேஜ் பேர் வேண்டாம். ஹாஸ்டல்ல ஒவ்வொருத்தனா கண்ணு மஞ்சளாகி எங்க வார்டுலயே வந்து படுத்தான். ஹெபடைட்டிஸ் ஏ. "பசங்க கண்ட கடையில சாப்பிடுறாங்க", இது நிர்வாகத்தோட டயக்னோசிஸ். அந்த வருஷ மெஸ் செக்ரட்டரி ஒரு நோட்டைத் தூக்கிட்டு ரூம் ரூமா போனான். இந்த வைரஸ் உள்ள போய் நோயா வெளிய தெரிய சராசரியா 28 நாள் ஆகும், 50 நாள் வரைக்கும்கூடப் போகும். அதனால நேத்து சாப்பிட்டதைக் கேட்கல, போன மாசம் எங்க சாப்பிட்டே, எந்தத் தண்ணி குடிச்சேன்னு கேட்டான். (எஸ்பிஎம் கிளாஸ்ல தூங்காத ஒரே ஆள் அவன்தான்னு நினைக்கிறேன்.) வெளிய சாப்பிடவே போகாத பசங்களும் படுத்திருந்தாங்க. படுத்தவங்க எல்லாரும் ஒரே பிளாக், ஒரே சம்ப். டிபார்ட்மென்ட்ல கெஞ்சி குளோரோஸ்கோப் வாங்கிட்டு வந்து குழாய்த் தண்ணியைச் சோதிச்சான். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு பரீட்சையில எழுதுறோம். அங்க கலரே மாறல.

"சம்ப் கடைசியா எப்போ கழுவினாங்க சார், ரெஜிஸ்டரைப் பார்க்கலாமா?"

"தம்பி, கல்ச்சுரல்ஸ் வருது. போய் அந்த வேலையைப் பாரு."

மறுவாரம் அவன் வீட்டுக்கு ஒழுங்கு நடவடிக்கைன்னு லெட்டர் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம சம்பையும் கழுவிட்டாங்க. 1854-ல லண்டன்ல காலராவை வீடு வீடாப் போய்த் துப்பறிஞ்ச ஜான் ஸ்நோவை நாமதான் பாடத்துல கொண்டாடுறோம். அதையே ஹாஸ்டல்ல ஒருத்தன் செஞ்சா மெமோ.

ராகிங் விஷயத்துக்கு வாங்க. 1996-ல சிதம்பரத்துல ஒரு முதலாண்டு மருத்துவ மாணவனைப் பறிகொடுத்த பிறகுதான் 1997-ல தமிழ்நாடு சட்டமே போட்டுச்சு. 2009 யூஜிசி விதிப்படி ஆன்ட்டி ராகிங் கமிட்டியில ஜூனியர், சீனியர் மாணவர்கள் உட்காரணும். அவங்களை நியமிக்கிறது யாரு? நிறுவனத் தலைவரேதான். அவர் பொறுக்கின சீனியர்கிட்ட ஃபர்ஸ்ட் இயர் பையன் வாயைத் திறப்பானா?

2024-ல தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு ஒரு ஆன்லைன் சர்வே எடுத்துச்சு. பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்கள்ல 16.2 சதவீதம், பிஜி மாணவர்கள்ல 31.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கு. ஆன்லைன் சர்வேக்கு அதுக்கான குறைகள் உண்டு, பாதியாவே வச்சுக்கங்க, அப்பவும் தூக்கம் வரல எனக்கு. 2025-ல சுப்ரீம் கோர்ட் 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல கவுன்சிலர் வேணும்னு சொல்லுச்சு, ஹாஸ்டல் ஃபேன்ல பாதுகாப்புக் கருவி மாட்டவும் சொல்லுச்சு. ஃபேனை மாத்த கான்ட்ராக்டர் உடனே கிடைச்சிடுவாரு. ராத்திரி டூட்டி முடிச்சவன் தூங்குறானா, ஸ்காலர்ஷிப் வராதவன் பேரை மெஸ் பாக்கின்னு போர்டுல ஒட்டினது யாருன்னு கேட்க ஒரு மாணவன் வேணும். (மனசு சரியில்லாதவங்க 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம்.)

ரகசிய ஓட்டு வைங்க. மெஸ் கணக்கையும் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கவுன்சில் கையில குடுங்க. கூட்டத்துல என்ன கேட்டாங்க, எந்தத் தேதிக்குள்ள முடிப்பீங்கன்னு எழுதி மெஸ் வாசல்ல ஒட்டுங்க. கேள்வி கேட்டதுக்காக இன்டர்னல் மார்க்ல கை வைக்க மாட்டோம்னும் சேர்த்து எழுதுங்க.

பெற்றோருக்கு: அட்மிஷனுக்கு முன்னாடி ஹாஸ்டல் பார்க்கப் போறீங்கல்ல, ஆபீஸ் ஆள் பக்கத்துல இல்லாதப்போ மெஸ் செக்ரட்டரிகிட்ட அஞ்சு நிமிஷம் பேசுங்க. "உன்னை யாருப்பா தேர்ந்தெடுத்தாங்க?"ன்னு கேளுங்க.