அழுகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு முதுகெலும்புக் கையாளல் கூடாது என்ற இடைக்காலக் கொள்கையை ஆஸ்திரேலிய கைரோபிராக்டிக் வாரியம் 2024 ஜூனில் மறுபடியும் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. 2019 மார்ச்சில் பிறப்பித்து, 2023 நவம்பரில் சந்தடியில்லாமல் விலக்கிக்கொண்டு, விஷயம் வெளியே தெரிந்து சுகாதார அமைச்சர்கள் குரல் உயர்த்தியதும் திரும்பப் போட்ட தடை இது. இந்த ஏழு மாதத்தில் குழந்தைகளின் முதுகெலும்பு ஒன்றும் மாறிவிடவில்லை. தடை சரி என்பதுதான் இந்த இதழின் நிலை. ஆஸ்டியோபதியர், கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் என எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் வாசகர்களில் பலருக்கு இது கசக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். அதேசமயம், தடைக்கு அதிகாரிகள் சொல்லும் காரணம் பாதிக் காரணம். மீதிப் பாதியை அவர்கள் தொடவே இல்லை.

பலன் பற்றிய சான்றில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. கைக்குழந்தைகளின் ஓயாத அழுகையான கோலிக் குறித்த 2012ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு 6 ஆய்வுகளையும் 325 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டது. அழுகை நேரத்தைப் பதிவு செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 1 மணி 12 நிமிடம் குறைந்தது. எந்தக் குழுவில் தம் குழந்தை இருக்கிறது என்பது பெற்றோருக்கு மறைக்கப்பட்ட ஆய்வுகளை மட்டும் வைத்தால் அது ஏறக்குறைய 34 நிமிடமாகச் சுருங்கி, புள்ளியியல் முக்கியத்துவத்தையும் இழந்தது. டென்மார்க்கில் 200 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும் கிடைத்தது சுமார் அரைமணி நேர வித்தியாசம்தான், அதுவும் முக்கியத்துவம் பெறவில்லை. இத்தாலியில் 695 குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆஸ்டியோபதி ஆய்வு, மருத்துவமனைத் தங்கலில் ஏறத்தாழ 4 நாள் குறைந்ததாகச் சொன்னது. அதை எடுத்துவந்து இங்கே வாதாடுபவர்கள் உண்டு. அங்கே தொட்டது வேறு விதம், அளந்ததும் வேறு.

தீங்குதான் நம் பொருள். விக்டோரியா மாநிலத்தின் சேஃபர் கேர் விக்டோரியா 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்கான சான்று மிக மிகக் குறைவு என்றது. கடுமையான தீங்கிலிருந்து எழுந்த புகார் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னது. தடையை எதிர்க்கும் நம் சகாக்கள் ஐந்து ஆண்டுகளாக இந்த வரியைத்தான் கேடயமாகப் பிடித்திருக்கிறார்கள். அந்த வரி எண்ணியது புகார்களை. புகார் வர வேண்டுமானால் பெற்றோருக்குச் சந்தேகம் வர வேண்டும், சந்தேகத்தைச் சிகிச்சையோடு முடிச்சுப்போட வேண்டும், படிவம் நிரப்பத் துணிய வேண்டும். ஆய்வுகளாவது தேடினவா என்றால், காக்ரேன் எடுத்த ஆறில் ஒன்றுதான் பாதகவிளைவுகளை முறையாகத் தேடியது. அது ஒன்றும் காணவில்லை. வாதத்துக்காக, 325 குழந்தைகளும் சிகிச்சை பெற்று அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பியதாகவே வைத்துக்கொள்வோம். நாம் எல்லோரும் படித்த மூன்றின் விதிப்படி, 108 குழந்தைகளில் ஒன்றுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பைக்கூட அந்தச் சுழியத்தால் மறுக்க முடியாது. பிறந்த சில வாரக் குழந்தைக்கு, தானாகவே தீரக்கூடிய ஒரு தொல்லைக்காக, இந்த அளவு தெளிவின்மையை ஏற்கிறோமா?

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியிருக்கிறோம். யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர்களில் கை சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லேசான அல்லது நடுத்தரமான பாதகவிளைவு வருகிறது என்பதை 2010ஆம் ஆண்டின் முறையான மதிப்பாய்வு காட்டியது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வந்து, 72 மணி நேரத்துக்குள் போய்விடும் வலியும் இறுக்கமும் தலைவலியும் அவை. அவர்கள் வாய்விட்டுச் சொன்னதால் நமக்குத் தெரிந்தது. 2021இல் வந்த பிரெஞ்சு ஆஸ்டியோபதி ஆய்வில், முதுகுவலியோடு 400 பேர் உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் பிரிக்கப்பட்டார்கள். பலன் சிறிது, நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் கடுமையான நிகழ்வுகள் உண்மைக் குழுவில் 4, போலிக் குழுவில் 8 என எண்ணி, எதுவும் சிகிச்சையால் வந்ததல்ல என்று விளக்கியும் இருக்கிறார்கள். கைக்குழந்தை என்ன செய்யும்? கழுத்து வலித்தாலும் அழும், வயிறு உப்பினாலும் அழும், பசித்தாலும் அழும். கோலிக் ஆய்வில் நாம் அளக்கும் பலனுக்கும், எதிர்பார்க்கக்கூடிய லேசான தீங்குக்கும் அடையாளம் அந்த ஒரே அழுகைதான். பெற்றோரின் டைரியில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. சிகிச்சைக்கு மறுநாள் ஒரு குழந்தை இரண்டு மணி நேரம் கூடுதலாக அழுதால், அது குழுவின் சராசரியில் கரைந்துவிடும். பத்துப் பேர் தேறி இரண்டு பேர் மோசமானாலும் சராசரி இறங்கும், நாம் வெற்றி என்று எழுதுவோம். அந்த இருவர் யார், அவர்களுக்கு எந்த மட்டத்தில் எந்த த்ரஸ்ட் கொடுக்கப்பட்டது, அன்றிரவு பால் குடித்தார்களா என்று சராசரியைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

நாங்கள் விரல் நுனியால் தொடுவதோடு சரி, த்ரஸ்ட் கொடுப்பதில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆஸ்திரேலியச் சட்டத்தின் 123ஆம் பிரிவு கழுத்துக் கையாளலை, உடலியல் எல்லைக்கு அப்பால் போகும் அதிவேக, குறுவீச்சு த்ரஸ்ட் என்றுதான் வரையறுக்கிறது. மென்தொடுதல் அதற்குள் வராது. ஆனால் 2007இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த மதிப்பாய்வை மறக்க வேண்டாம். நேரடித் தீங்கு 14 குழந்தைகளுக்கு, அதில் 9 கடுமையானவை. நோயறிதல் தாமதமானதாலோ, கையாளவே கூடாத நோயில் கையாண்டதாலோ பாதிக்கப்பட்டவர்கள் 20 பேர். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் மூளைக்காய்ச்சலைத் தவறவிட முடியும். பெற்றோர் திருப்தியாக இருக்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போய் நான்காவது மாதத்துக்குள் அடங்கும் அழுகைக்கு யார் என்ன செய்தாலும் பெற்றோர் நன்றி சொல்வார்கள். மருத்துவர்கள் தரும் மருந்துக்கு மட்டும் சான்று இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு டைசைக்ளோமின் கதையே போதும். நம் மருந்துக் கடைகளில் சொட்டு மருந்தாக எல்லோருக்கும் பழக்கமான அது, ஆய்வுகளில் கோலிக் அழுகையைக் குறைத்தது. பிறகு மூச்சுத் தடையும் வலிப்பும் ஆங்காங்கே அறிக்கைகளாகச் சேர, ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்ற நிலை வந்தது. அதைக் காட்டிக் கொடுத்தவை அந்த அறிக்கைகள். மருந்துக்கு அப்படி ஒரு வழி இருந்தது. நம் கைகளுக்கு இல்லை.

அப்படி ஒரு வழியை ஏற்படுத்தும் அதிகாரம் கையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2019இல் ‘இடைக்காலம்’ என்றார்கள். ஐந்து ஆண்டு ஓடிய பின்னும் கட்டாயப் பாதகவிளைவுப் பதிவேடு வரவில்லை. வாரியத்தின் தடை அதன் உரிமம் பெற்றவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். கழுத்துக் கையாளலுக்குச் சட்டம் அனுமதித்த மருத்துவர், ஆஸ்டியோபதியர், பிசியோதெரபிஸ்ட் யாரையும் அது தொடாது. அதே குழந்தை அதே த்ரஸ்டை அடுத்த கதவுக்குள் பெறலாம். பிரான்ஸ் 2007 அரசாணையில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பைக் கையாள மருத்துவரின் சான்று வேண்டும் என்று வைத்தது. சான்று சிகிச்சைக்கு முன்பு வரும் காகிதம், பின்பு நடந்ததை அது கேட்காது. பிரிட்டனில் ஆஸ்டியோபதியர் தாங்களே விரும்பி எழுதும் ஒரு பதிவு முறை இருக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் விரும்பாதவர் எழுத மாட்டார், எத்தனை சிகிச்சைக்கு எத்தனை நிகழ்வு என்ற பகுதி எண்ணும் கிடைக்காது. தடை போடச் செலவில்லை, பத்திரிகையில் பெயர் வரும். பதிவேட்டுக்குப் பணமும் ஆளும் வேண்டும், ஐந்து ஆண்டு கழித்துத்தான் ஏதாவது சொல்லும். அமைச்சர்களின் அவசரம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். இனி தடையை எப்போது விலக்கினாலும், எதை வைத்து விலக்குவார்கள்? அதே புகார்ப் பெட்டியைத் திறந்து, காலி என்று சொல்லியா?

அவர்கள் செய்யாததை ஓர் இதழ் செய்துவிட முடியாது. ஆனால் எதை வெளியிடுவது என்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த இதழிலிருந்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றிய கை சிகிச்சை ஆய்வு எதுவானாலும், பாதகவிளைவுகளை எப்படித் தேடுவார்கள் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே திட்ட ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும். குழந்தையின் வயது வாரக்கணக்கில், தொட்ட மட்டம், நுட்பம், சிகிச்சைக்குப் பின் 72 மணி நேரப் பால்குடியும் தூக்கமும், தொடக்கத்தைவிட அதிகம் அழுத குழந்தைகளின் தனிப்பட்டியல் ஆகியவை கட்டாயம். ‘தீங்கு எதுவும் பதிவாகவில்லை’ என்ற ஒற்றை வரியோடு வரும் கட்டுரை மதிப்பாய்வாளர்களுக்கே அனுப்பப்பட மாட்டாது.